கையைச் சுடும் எண்ணெய். கப்பலைக் காக்கும் எண்ணெய்!

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் போய், "அண்டி ஆபீஸ் எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். அண்டி என்றால் முந்திரிக் கொட்டை. அதை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலைதான் அண்டி ஆபீஸ். விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு போடுவது இந்தத் தொழில்தான்.

முந்திரி நம் நாட்டு மரம் அல்ல. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. இன்றோ உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்குகிறது.

பருப்பின் ருசி எல்லோருக்கும் தெரியும். தோட்டின் குணம், அதை உடைக்கும் பெண்களுக்குத்தான் தெரியும்!

தோட்டுக்குள் தீ

முந்திரித் தோட்டுக்குள் தேன்கூடு போல் சிறு சிறு அறைகள் உண்டு. அவற்றில் எண்ணெய் நிறைந்திருக்கிறது. தோட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய்தான். அது பட்ட இடத்தில் தோல் கறுக்கும், கொப்புளிக்கும், உரியும்.

மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாவதும், சேராங்கொட்டை பட்டு உடல் தடிப்பதும் நாம் அறிந்தவை அல்லவா? மா, சேராங்கொட்டை, முந்திரி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். காரமும் குடும்பச் சொத்துதான்.

பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு உட்காருகிறார்கள். கையுறை போட்டால் வேகம் குறையும்; உடைத்த அளவுக்குத்தானே கூலி!

வாலையில் ஏறுகிறது

ஒரு காலத்தில் அடுப்பெரிக்கத்தான் தோடு என்று இருந்தது. கடலோரத்தார் மட்டும் அந்த எண்ணெயை வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் பூசினார்கள். பூச்சி அரிக்காது; உப்புநீரில் உளுக்காது. அந்த அனுபவ அறிவுக்கு ரசாயன நிபுணர்கள் பின்னால் காரணம் கண்டார்கள்.

பச்சை எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். அதைக் காய்ச்சினால், சோடா பாட்டிலில் பொங்கும் அதே கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது 'கார்டனால்' என்ற சரக்கு. ஆனால் அதனோடு கார்டால் என்ற கடுங்காரப் பொருளும் பிசினும் கலந்தே இருக்கும். பிரிப்பது எப்படி?

ஓமத் தீநீர் இறக்கும் வாலையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். காய்ச்சினால் ஆவி எழும். ஆவியைக் குளிர்வித்தால் துளித் துளியாக வடியும். கசடு பானையிலேயே தங்கிவிடும். அதே தத்துவந்தான் இங்கும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சாதாரணமாகக் காய்ச்சினால், ஆவியாவதற்கு முன்பே எண்ணெய் இறுகிப் பிசினாகிவிடும். ஆகவே பாத்திரத்திலுள்ள காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள். காற்றழுத்தம் குறைந்த உதகமண்டலத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது அல்லவா? அதுபோல, அழுத்தத்தை எழுபத்தாறில் ஒரு பங்காகக் குறைத்தால் கார்டனால் சுமார் 225 டிகிரி உஷ்ணத்திலேயே ஆவியாகிறது. குளிர்ந்த குழாய்களில் அந்த ஆவி பட்டதும் வெளிறிய மஞ்சள் திரவமாக வடிகிறது. கன்னங்கரிய எண்ணெயிலிருந்தா இது வந்தது என்று வியக்கத் தோன்றும்!

வீணாவது ஒன்றும் இல்லை

இந்தத் திரவத்திலிருந்து கப்பலின் அடிப்பகுதிக்கும் இரும்புக் குழாய்களுக்கும் பூசும் வர்ணங்களை இறுகச் செய்யும் பொருள் தயாராகிறது. பானையில் தங்கிய கறுப்புக் கசடும் வீண் போகவில்லை. லாரி, கார்களின் பிரேக் பட்டைகளில் சேருகிறது. அன்று வள்ளத்துக்குப் பூசியது இன்று பெருங்கப்பலுக்குப் போகிறது. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டிய ரசாயனத்தின் வேலையை மரத்தில் விளைந்த ஒரு தோடு செய்துவிடுகிறது.

கொட்டை வெட்டும் இயந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றால் கை வேகாது. ஆனால் பல கைகளுக்கு வேலையும் இராது. கசடு என்று எரித்த தோட்டுக்கு விலை கண்டுபிடித்தது விஞ்ஞானம். அதை உடைத்துக் கறுத்த விரல்களுக்கு உரிய விலையைக் காண்பது விஞ்ஞானத்தின் வேலை அல்ல, நம் வேலை.