மேற்கோள் எண்ணிக்கை என்ன சொல்கிறது?

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறகு வந்த எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன என்பதை எண்ணி, அதை எழுதியவரின் பெருமையை அளப்பது விஞ்ஞான உலகின் வழக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கில்தான் வேலையும் மானியமும் பெறுகிறார்கள். ஆனால் நோயாளியின் வீட்டார் இந்தக் கணக்கை நம்பினால் என்ன ஆகும்?

சித்தூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு கால் மரத்துப்போனது. திருப்பதியில் ஸ்கேன் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். மின்கம்பியின் மேலுறைபோல நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய் இது. குளிர்நாடுகளில் அதிகம், நம் பக்கம் குறைவு. அதனால் உறவினர் யாருக்கும் பெயரே வாயில் நுழையவில்லை.

அவள் கணவர் தொலைபேசியில் கேட்டார்: "மாமா, அமெரிக்காவில் டாக்டர் ஸ்ரீராம் என்பவர் ஒரு கிருமிதான் காரணம் என்று எழுதியிருக்கிறாராம். நூற்றுக்கணக்கான பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இந்த ஊசியை நிறுத்திவிட்டு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?"

சுப்பிரமணியம் ஸ்ரீராம் சாதாரணமானவர் அல்லர். 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டைன்மன், மெக்டெவிட் ஆகியோருடன் சேர்ந்து, எலிகளுக்கு வரவழைக்கும் இதே மாதிரியான நோயை ஆன்டிபாடி கொடுத்துத் தடுக்கலாம் என்று காட்டிய குழுவில் இருந்தவர். இன்று இந்நோய்க்குத் தரும் முக்கிய மருந்துகள் சில, இலக்கு வேறானாலும், ஆன்டிபாடிகளே.

பின்னர் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 1999-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைதான் சித்தூர் வரை வந்தது. கிளமிடியா நியுமோனியே என்ற கிருமியின் தடயம், இந்நோய் உள்ள 37 பேரில் 97 சதவீதத்தினரின் தண்டுவட நீரில் இருந்தது. வேறு நரம்பு நோயுள்ள 27 பேரில் 18 சதவீதத்தினரிடமே இருந்தது. இது உண்மையானால் எவ்வளவு பெரிய செய்தி! உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் தேடின. பல இடங்களில் கிடைக்கவில்லை. கடைசியில், எது யாருடையது என்று தெரியாதபடி குறியிட்ட மாதிரிகள் நான்கு கூடங்களுக்குப் போயின. 2002-இல் முடிவு வெளியானது: வாண்டர்பில்ட் மட்டுமே கண்டது, மற்ற மூன்றும் காணவில்லை. அவர் குழுவே சிலருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தது. புதுப் புண்கள் குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

அந்த மேற்கோள்களில் கணிசமானவை "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்ல எழுதப்பட்டவை. எண்ணிக்கைக்கு அது தெரியாது. ஒத்துக்கொண்டாலும் ஒன்று, மறுத்தாலும் ஒன்று. "டாக்டரைக் கேட்காமல் ஒரு ஊசிகூட நிறுத்தாதீர்கள்" என்றேன்.

இதற்கு நேர்மாறு ஜான் கர்ட்ஸ்கி. அவர் 1983-இல் எழுதிய கட்டுரையில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. இயலாமையை 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோல் மட்டுமே. கைத்தடியுடன் நடப்பவருக்கு 6. மருந்துச் சோதனைகள் எல்லாம் அதைக் கொண்டே அளப்பதால் மேற்கோள் குவிகிறது. நியாயமான புகழ் என்பேன்.

ஸ்ரீராமிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. தாமே பல ஆண்டு உழைத்த எலி மாதிரி மனித நோய்க்குத் தவறான வழிகாட்டி என்று 2005-இல் இஸ்ரேல் ஸ்டைனருடன் சேர்ந்து எழுதினார். அதற்கும் மேற்கோள் ஏராளம், கோபத்தோடு வந்தவை உட்பட.

கிருமியைத் தேடியதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் ஹார்வர்டு குழு, அமெரிக்கப் படையினர் 1 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து இந்நோய் வந்த 955 பேரை ஆராய்ந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு என்று கண்டது. அந்த வைரஸ் பெரியவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கிறது. அப்படியிருக்க, மிகச் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள்.