கைவேலைப் பொருளும் கரைச்சல் கொடுக்கும் வாடிக்கையாளரும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவையைக் கடந்து இறம்பொடைக்கு வந்தால், நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்காக வேன்களும் பஸ்களும் நிற்கும். வாகனம் நிற்கும் இடத்தில் வியாபாரமும் இருக்கும். மூங்கில் கூடை, பிரம்புத் தட்டு, தும்பறைப் பாய், மருதமுனைக் கைத்தறிச் சாரம் என்று கைவேலைப் பொருட்களை வைத்து விற்கும் எமக்கு வாடிக்கையாளருக்கும் குறைவில்லை, கரைச்சலுக்கும் குறைவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனா காலத்திலும், பெற்றோல் வரிசையில் நாடே நின்ற 2022இலும் கரைச்சல் கொடுக்கவாவது ஒருவர் வரமாட்டாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றைய கரைச்சல் பெரிதல்ல.

விலை பேசுபவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. “பிளாஸ்டிக் கூடை இதில் பாதி விலைதானே நானா” என்பவரிடம், “ஆம், பாதி விலைதான்” என்று சொல்லிவிட்டு, ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் செல்கிறது என்பதைச் சொன்னால் போதும். வாங்குபவர் வாங்குவார். ஆனால் ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடையில் வரும் சண்டைக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. டூர் கைடின் கொமிஷனை வெள்ளைக்காரரின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் அடுத்த கடையில் உண்மை விலையை அறிந்து திரும்பி வந்து சத்தம் போடும்போது “கரைச்சல் பிடித்த மனிதர்” என்பது நியாயமா? விலையைக் காட்சிக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. கைடுக்குக் கொடுப்பதை உங்கள் இலாபத்திலிருந்து கொடுங்கள்.

இரண்டாவது கரைச்சல் பொருளின் குணத்தால் வருவது. பச்சை மூங்கிலில் பின்னிய கூடை காயக் காய மஞ்சளாகும். மலைநாட்டுப் பனியில் காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூங்கிலில் உள்ள மாச்சத்தைத் தேடி வண்டு துளையிட்டு மாவாகக் கொட்டும். பின்னுவதற்கு முன் தண்ணீரில் ஊறப் போடுவது அந்த மாச்சத்தைக் கரைப்பதற்குத்தான். கைத்தறியிலும் அப்படியே. ஒரே நிறம் என்றாலும் ஒவ்வொரு தடவை சாயமிடும்போதும் சிறு வித்தியாசம் வரும். போன மாதம் வாங்கிய சாரத்துக்கு இந்த மாதத் துணி நூற்றுக்கு நூறு பொருந்தாது. இவையெல்லாம் எமக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரமாக இருந்ததையும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டதையும் நாம் மிம்பரடியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். மஞ்சளாகும் என்பதை விற்கும்போதே சொன்னால் அது விளக்கம். வாடிக்கையாளர் திரும்பி வந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு.

மாதிரி காட்டி மொத்தமாக விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதனோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் நடைமுறையிலுள்ள பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். நல்ல கூடையைக் காட்டிவிட்டு நடுத்தரக் கூடையை அனுப்ப முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல், ஓடர் கொடுத்துவிட்டு எடுக்காமல் விடுபவர். ஒரு ஹோட்டல்காரர் எம்மிடம் தம் மேசைக்கு ஏற்ற அளவில் அறுபது முட்டைவடிவக் கூடைகளுக்கு ஓடர் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு முற்பணமும் தந்தார். மூங்கில் வெட்டி, பின்னியவர்களுக்குக் கூலியும் கொடுத்தாயிற்று. அப்போது, “புது மெனேஜர் வந்திருக்கிறார், அவருக்கு வேண்டாமாம்” என்று ஒரு தொலைபேசி அழைப்பு. முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அதட்டல் வேறு. அந்தச் சல்லியை வைத்துக்கொள்வது எமக்கு ஹலாலா?

மௌலவி ஒருவரிடம் கேட்டேன். விஷயம் நாம் நினைப்பதைவிட ஆழமானது. நம்மவர்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இப்படிப்பட்ட ஓடர் ‘ஸலம்’ முறைக்குள் வர வேண்டும். அதில் முழு விலையும் பேசும் இடத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். ஹனபி மத்ஹபில் செய்வித்து வாங்கும் ‘இஸ்திஸ்னா’ தனியாகவே அனுமதிக்கப்படுகிறது. அங்கும் பொருளைப் பார்த்த பின் மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது இமாம் அபூ ஹனீபாவின் கருத்து. சொன்னபடி செய்திருந்தால் மறுக்க முடியாது என்பது இமாம் அபூ யூசுபின் கருத்து. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, நிபந்தனைகள் தெளிவாக இருந்தால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தது. வாங்காவிட்டால் முற்பணம் விற்பவருக்கே என்ற ‘உர்பூன்’ முறையை ஹன்பலி மத்ஹப் ஏற்க, மற்ற மூன்றும் ஏற்கவில்லை. அதே சபை 1993இல் புரூணையில், தவணை குறிப்பிட்டிருந்தால் அது கூடும் என்றது.

எம் பற்றுச்சீட்டில் தவணையும் இல்லை, நிபந்தனையும் இல்லை. ஊர் வழக்கப்படி தொகை மட்டும்தான். ஆகவே கூடைகளை ஏப்ரல் சீசனில் சில்லறையாக விற்று, விலை குறைத்ததால் வந்த நட்டத்தைக் கணக்குக் காட்டிக் கழித்து, மீதியைத் திருப்பிக் கொடுத்தோம். ஹோட்டல்காரர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையொப்பம் வைத்தார்.

அதட்டுபவரை எப்படித் தாங்குவது என்று கேட்பீர்கள். ஒட்டகக் கடனைக் கேட்டு வந்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கடுமையாகப் பேசியபோது தோழர்கள் அவர்மீது பாயப் பார்த்தார்கள். உரிமை உள்ளவர் பேசத்தான் செய்வார், விடுங்கள் என்று தடுத்து, அவருக்கு வர வேண்டியதைவிட நல்ல ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். அவருக்கு உரிமை இருந்தது என்பதைக் கவனியுங்கள். வாங்கி மூன்று மாதம் பாவித்து, பிடியை உடைத்துக்கொண்டு வந்து புதுக் கூடை கேட்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்குப் பிடியைக் கட்டிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு துண்டுப் பிரம்பும் கால் மணி நேரமும் போதும்.

இப்போது ஓடர் புத்தகத்தில் அளவு, எண்ணிக்கை, காய்ந்தால் நிறம் மாறும் என்ற குறிப்பு, எடுக்க வேண்டிய தேதி, அந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் முற்பணம் என்னவாகும் என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். மாதிரிக் கூடையில் இருவர் பெயரையும் எழுதிய சீட்டைக் கட்டி, சரக்குப் போகும் நாள்வரை கடையில் தொங்கவிடுகிறோம். சிலர் இதைப் பார்த்துவிட்டு ஓடர் கொடுக்காமலே போகிறார்கள். போகட்டும்.