இறக்கையைக் காக்கும் பாரம்

1969 பிப்ரவரி 9 அன்று போயிங் 747 முதன்முதலாகப் பறந்தது. தொடர்ந்து நடந்த சோதனைகளில், சில நிலைகளில் அதன் இறக்கைகள் தாமாகவே அதிரத் தொடங்கின. பொறியாளர்கள் இறக்கையின் சில உறுப்புகளின் விறைப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். அதிவேகத்தில் எழுந்த கடுமையான அதிர்வு அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் வெளிப்பக்க என்ஜின் கூடுகளுக்குள் செறிவு குறைந்த யுரேனியத்தைப் பாரமாக வைத்தார்கள். அதிர்வு அடங்கியது.

இறக்கையைக் கெட்டியாக்காமல் பாரம் ஏற்றியது ஏன்?

ஃபிளட்டர் எனப்படும் இந்த அதிர்வில் இரண்டு அசைவுகள் கைகோக்கின்றன. இறக்கை மேலும் கீழும் வளைவது ஒன்று. நீளவாக்கில் முறுக்கிக்கொள்வது மற்றொன்று. குறைந்த வேகத்தில் இரண்டும் தனித்தனித் தாளத்தில் ஆடும். காற்றே அவற்றைத் தணித்துவிடும். வேகம் கூடக்கூட இரு தாளங்களும் நெருங்குகின்றன. ஒரு கட்டத்தில், ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவதுபோல, காற்று ஒவ்வோர் அசைவுக்கும் ஆற்றல் ஊட்டுகிறது. சில வினாடிகளில் இறக்கை முறிந்துவிடலாம்.

எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். இறக்கை மேலெழும்போது, பின்பக்கம் உள்ள எடை உடன் எழாமல் பின்தங்கும். அதனால் முன்விளிம்பு நிமிர்ந்து, தூக்குவிசை கூடி, இறக்கை இன்னும் எழும். எடை முன்பக்கம் இருந்தால் முன்விளிம்பு தாழும். தூக்குவிசை குறைந்து அசைவு தணியும்.

பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் கணக்கு இன்னும் பின்னலானது. அதன் நுனி மேலே வளைந்தாலே போதும், முறுக்கம் இல்லாமலே காற்றை எதிர்கொள்ளும் கோணம் குறைந்துவிடும்.

1947 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த பி-47 குண்டுவீச்சு விமானத்தின் மெல்லிய இறக்கைகள் 35 பாகை சாய்ந்தவை. அவற்றின் கீழே, முன்னால் நீட்டித் தொங்கவிடப்பட்ட என்ஜின்களின் எடை ஃபிளட்டரைத் தடுக்கவும் உதவியது. இன்றைய பயணிகள் ஜெட் விமானங்களில் பெரும்பாலானவை அதே அமைப்பைப் பின்பற்றுகின்றன.

பாரத்துக்குப் பதில் மின்னணுவியலால் அதிர்வை அடக்க முடியும் என்று 1973 ஆகஸ்டில் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் காட்டியது. உணர்விகள் அதிர்வை அறிந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பரப்புகள் எதிர்த்து அசைந்தன. ஃபிளட்டர் வேகத்தையும் தாண்டி மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் கூடுதலாக அது பறந்தது.

பயணிகள் விமானத்துக்கு அந்த எல்லையே வெகு தொலைவில் இருக்க வேண்டும். வடிவமைப்பில் அனுமதித்த உச்சப் பாய்ச்சல் வேகத்தைவிட 15 சதவீதம் கூடுதல் வேகத்திலும் ஃபிளட்டர் எழாது என்று நிரூபிக்கச் சொல்கிறது அமெரிக்க விதி. எரிபொருள் இறக்கைக்குள்ளேயே இருப்பதால் பயணம் நெடுக எடை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டுமல்ல, குறையக் குறையவும் இறக்கை எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆராய்ந்த பிறகே சான்றிதழ்.