கூட்டிப் பார்த்தால் கிடைக்காத மார்க்

விழுப்புரமோ திண்டிவனமோ, பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் கட்-ஆஃப் போட்டுவிடுவார். கணக்கில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 84 என்றால், கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 95, 45, 42. மொத்தம் 200-க்கு 182. காகுப்பத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியா, மேல்பாக்கத்தில் உள்ளதா என்ற பேச்சு அதற்கப்புறம்தான். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நுழைவுத்தேர்வு போன பிறகு, பொறியியல் சேர்க்கைக்கு நமக்குப் பழகிய கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கோடு எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண்ணைப் படிக்க உட்காரும்போதுதான் குழப்பம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இந்தியாவில் சில தனியார் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்ளும் தேர்வு இது. 2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. இரண்டே பகுதிகள். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் 64 நிமிடத்தில் 54 கேள்விகள். கணக்கு 70 நிமிடத்தில் 44. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 1600.

ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூல். முதல் மாட்யூலில் எல்லாருக்கும் எளிது, நடுத்தரம், கடினம் கலந்து வரும். அதை எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்து, இரண்டாவது மாட்யூல் கடினமானதா எளிதானதா என்பதை மென்பொருளே முடிவு செய்யும். கண் பரிசோதனையில் பெரிய எழுத்தைச் சரளமாகப் படித்தவரிடம் அதையே திரும்பக் கேட்கமாட்டார்கள், கீழே சின்ன வரிக்குப் போவார்கள் அல்லவா, அந்த முறைதான்.

திண்டிவனத்து மாணவி ஒருவர், விழுப்புரத்து மாணவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் இருவருக்கும் 44-க்கு 30 சரி. மாணவி முதல் மாட்யூலில் 18, பிறகு கடின மாட்யூலில் 12. மாணவர் முதலில் 12, பிறகு எளிய மாட்யூலில் 18. கூட்டினால் இருவரும் சமம். ஆனால் மாணவியின் மதிப்பெண்தான் கூடுதலாக இருக்கும். எளிய மாட்யூலுக்குப் போனவர் அதில் அத்தனையும் சரியாகப் போட்டாலும் 800-ஐத் தொட முடியாது.

காரணம், இங்கே கேள்விக்கே ஒரு குணம் உண்டு. அது எவ்வளவு கடினம், தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கும், குருட்டாம்போக்கில் சரியாக அமைய எவ்வளவு வாய்ப்பு என்பதையெல்லாம் முன்பே பலரிடம் சோதித்து அளந்து வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் ஃபிரெடரிக் லார்ட், டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ் முதலானோர் 1950, 60களில் வகுத்த கணிதம் இது. எளியதையெல்லாம் தவறவிட்டு, கடினமான ஒன்றை மட்டும் சரியாகப் போட்டால் அதற்கு முழுப் பலன் கிடைக்காது. இன்னொன்று: ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை. அடுத்த தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எவை என்று தேர்வெழுதுபவருக்குத் தெரியாது.

ஆகவே, இரண்டாவது மாட்யூல் கடினமாக இருந்ததே என்று வெளியே வந்து அழும் பிள்ளையைப் பெற்றோர் திட்டவே கூடாது. பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. ஜே.இ.இ. மெயினுக்குப் பழகிய பிள்ளைகள் தவறான விடைக்கு ஒரு மார்க் போய்விடும் என்ற பயத்தில் கேள்வியை விட்டுவிடுவார்கள். இங்கே நெகட்டிவ் மார்க் இல்லை. எதையும் காலியாக விடுவது நஷ்டம்தான்.

ஜே.இ.இ.யில் வரும் பர்சென்டைல் வேறு சங்கதி. அங்கே ஒரே ஷிப்டில் எழுதியவர்களில் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவோ பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் எண். 95 பர்சென்டைல் என்றால் 95 மார்க் இல்லை.

எஸ்.ஏ.டி. ரிசல்ட் தாளில் எத்தனை கேள்வி சரி என்ற எண்ணே இருக்காது. மொத்த மதிப்பெண்ணோடு, அதைச் சுற்றி ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள். அதே மாணவர் இன்னொரு நாள் எழுதினாலும் மதிப்பெண் அந்த எல்லைக்குள் வர வாய்ப்பு அதிகம். எனவே 1240 வாங்கியவர், 1250 வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளையை விடக் குறைந்தவர் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.