நிரல் இலவசம், பெயர் இலவசமல்ல

திறந்தமூல மென்பொருள் என்றால் எல்லாமே பொதுச்சொத்து என்று நினைப்பவர்கள் பலர். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூல நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஆனால், அந்தப் பெயரும் நரிச் சின்னமும் மொசில்லா அறக்கட்டளையின் வணிகச் சின்னங்கள். திருத்திய நிரலுக்கு அதே பெயரைச் சூட்ட அனுமதி வேண்டும். தீய நிரலைச் சேர்த்து அதே பெயரில் ஒருவர் உலவவிட்டால், ஏமாறுவது பயனர்தானே?

நல்ல நோக்கம் கொண்டவர்களும் இதில் சிக்கியதுண்டு. சின்னப் படத்தின் உரிமம் தங்கள் கொள்கைக்கு ஒத்துவராததால், டெபியன் குழுவினர் படத்தை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தனர். சின்னமின்றிப் பெயர் கூடாது, திருத்தங்களுக்கும் ஒப்புதல் தேவை என்று 2006-இல் மொசில்லா கூறிவிட்டது. டெபியன் பெயரையே மாற்றியது: ஐஸ்வீசல். தீ நரிக்குப் பதில் பனி மரநாய்; குறும்புதான்! 2016-இல்தான் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது.