பின்செல்லுதலும் விலையும்: போன்ஹோஃபரின் சொற்களும் அவற்றின் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஒரு சொல்லின் ஆற்றல் அகராதி தரும் பொருளில் மட்டும் அடங்குவதன்று. அச்சொல் வழங்கிய காலத்தில் அதனோடு உடன் நின்ற சொற்கள் எவை, எதிர் நின்ற சொற்கள் எவை என்பனவும் அதன் ஆற்றலை வரையறுக்கின்றன. மொழிபெயர்ப்பில் பொருள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றது. இவ்வெதிர்நிலையோ பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றது. இக்கருத்தை விளக்குதற்கு, ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் (1906-1945) 1937இல் வெளியிட்ட 'நாக்ஃபோல்க' என்னும் நூலின் முதன்மைச் சொற்கள் சில இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கிறிஸ்துவின் அழைப்பை ஏற்பவன் எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பது அந்நூல் எழுப்பும் வினா. ஆங்கிலத்தில் அது 'தி காஸ்ட் ஆஃப் டிசைப்பிள்ஷிப்' என்னும் பெயரால் வழங்குகின்றது. 'சீடத்துவத்தின் விலை' என்பது அதன் பொருள். மூலத் தலைப்பில் 'விலை' என்னும் சொல் இல்லை. 'சீடன்' என்னும் சொல்லும் இல்லை. 'பின்செல்லுதல்' என்னும் ஒரே சொல்தான் உண்டு. இவ்வேறுபாட்டினால் பெற்றது எது, இழந்தது எது என்பது மொழிபெயர்ப்பாளர் ஆராயத்தக்கது.

2. 'பின்செல்' என்னும் வினை

'நாக்' என்பது 'பின்' எனவும், 'ஃபோல்கன்' என்பது 'தொடர்ந்து செல்' எனவும் பொருள்படும். அன்றாட ஜெர்மானிய வழக்கில் 'நாக்ஃபோல்க' ஒருவர் வகித்த பதவிக்கு அவர்க்குப் பின் மற்றொருவர் வருதலைக் குறிக்கும். சமய வழக்கில் அதற்கு நீண்ட மரபு உண்டு. தாமஸ் அ கெம்பிஸ் இலத்தீனில் எழுதிய பக்தி நூல் ஜெர்மானியத்தில் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டுள்ளது. தமிழ்க் கத்தோலிக்க மரபில் அதே நூல் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' எனப்படுகின்றது. 'அநு' என்னும் முன்னொட்டும் 'செல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரும் இணைந்தது 'அநுசாரம்'. ஆகவே இருமொழிச் சொற்களும் உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கின்றன.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'பின்செல்' என்பது வினையாகவே வருகின்றது. அதன் பண்புப்பெயர் வடிவம் அங்கு இடம்பெறவில்லை. சீடனைக் குறிக்கும் 'மத்தேத்தேஸ்' என்பதோ 'கற்பவன்' எனப் பொருள்படும் வேறொரு சொல். கற்றல், பின்செல்லல் என்னும் இரண்டு கருத்துக்கள் மூலத்திலேயே தனித்தனிச் சொற்களால் உணர்த்தப்படுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

போன்ஹோஃபர் இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஆண்டில் ஜெர்மனியில் 'ஃபோல்கன்' என்னும் வினை அரசின் வினையாகிவிட்டிருந்தது. 1934 ஜனவரி 20இல் இயற்றப்பட்ட தேசியத் தொழில் ஒழுங்குச் சட்டம், தொழிலகத்தின் உரிமையாளரை 'ஃபியூரர்' என்றும், அங்கு வேலை செய்வோரை 'கெஃபோல்க்ஷாஃப்ட்' என்றும் வழங்கியது. முன்னது தலைவன், பின்னது தலைவனைப் பின்செல்லும் கூட்டம். பழங்காலக் குறுநிலத் தலைவனுக்கும் அவனுடைய படைவீரர்க்கும் இடையே நிலவிய உறவைக் குறித்த சொல், கூலி வேலைக்கும் உரியதாயிற்று. 'தொழிலாளி' என்ற சொல் இருந்த இடத்தில் 'பின்செல்வோன்' என்ற சொல் வந்து அமர்ந்தது. தலைவனுக்குக் கீழ்ப்படிதலே குடிமகனின் கடமை என்னும் கொள்கை, இவ்வாறு சொல்லின் வழியே வாழ்க்கைக்குள் நுழைந்தது.

ஹிட்லரின் ஆட்சி சமயத்திற்குரிய சொற்களையும் தன்வயமாக்கிக்கொண்டது. 'மீட்பு', 'நலம்' என்னும் பொருள்களை உடைய 'ஹைல்' என்னும் சொல் ஹிட்லரின் பெயரோடு இணைந்து தெருவில் கூறும் வணக்கமாயிற்று. மீட்பரைக் குறிக்கும் 'ஹைலாண்ட்' என்பது இச்சொல்லோடு உறவுடையது. விசுவாசத்தைக் குறிக்கும் வினை ஹிட்லரிடம் கொள்ளும் நம்பிக்கைக்கு வழங்கியதை மொழி அறிஞர் விக்டர் கிளெம்பெரர் தம் நாட்குறிப்புக்களில் பதிவு செய்து, 1947இல் வெளியான 'எல்.டி.ஐ.' என்னும் நூலில் விளக்கியுள்ளார்.

இப்பின்னணியில், யாரைப் பின்செல்வது என்ற வினா இலக்கண அளவில் நில்லாது அரசியல் வினாவாகின்றது. போன்ஹோஃபர் இதனை முன்னரே உணர்ந்தவர். ஹிட்லர் 1933 ஜனவரி 30இல் பதவியேற்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1இல், இளந்தலைமுறையினரிடையே 'ஃபியூரர்' என்னும் கருத்து அடைந்துவரும் மாற்றத்தைப் பற்றிப் போன்ஹோஃபர் வானொலியில் உரையாற்றினார். தன்னை வழிபடுவதற்கு இடங்கொடுக்கும் தலைவன் 'ஃபெர்ஃபியூரர்' ஆகிவிடுவான் என்பது அவ்வுரையின் சாரம். 'வழிநடத்துவோன்' என்னும் சொல்லின் முன் ஓர் ஒட்டு சேர்ந்த அளவில் அது 'வழிகெடுப்போன்' என மாறுகின்றது. அவ்வுரை முடியுமுன்பே ஒலிபரப்புத் துண்டிக்கப்பட்டது.

3. 'பில்லிக்', 'டொயர்'

நூலின் தொடக்கத்தில் அருளைக் குறிக்கும் 'க்னாட' என்னும் சொல்லுக்கு 'பில்லிக்', 'டொயர்' என்னும் இரண்டு அடைகள் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. கிறிஸ்துவின் வழியில் நடக்காமலேயே, மன்னிப்பை ஒரு கொள்கையாகப் பெற்றுக்கொண்டு வாழ்தல் முதல் வகை. வாழ்வையே கேட்டு வாழ்வையே தரும் அருள் இரண்டாம் வகை. அருளினால் மட்டுமே மீட்பு என்னும் லூத்தரின் கோட்பாடு, ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக அவர் பெயரால் இயங்கிய சபையிலேயே ஆளப்பட்டதைப் போன்ஹோஃபர் கண்டிக்கிறார்.

'பில்லிக்' என்னும் சொல்லின் வரலாறு பொருட்குறைவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பழைய வழக்கில் அது 'தக்கது', 'நீதியானது' எனப் பொருள்பட்டது. சட்டத் தொடர்களில் இப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. நீதியான விலையைக் குறித்து, பின்னர்க் குறைந்த விலையைக் குறித்து, இறுதியில் தரக்குறைவையும் குறிக்கலாயிற்று. போன்ஹோஃபர் இவ்வருளைச் சரக்கு தீர்ந்தால் போதும் என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் கடைப்பொருளுக்கு ஒப்பிடுவதால், இறுதிப் பொருளே அவர் கருத்தென்பது தெளிவு.

'டொயர்' என்பது 'விலை உயர்ந்தது', 'அன்புக்குரியது' என்னும் இரு பொருளும் உடையது. லூத்தரின் விவிலியத்தில் 1 கொரிந்தியர் 6:20 இச்சொல்லைக் கொண்டுள்ளது. அருள் அருமையானது, ஏனெனில் கடவுள் அதற்குத் தம் மகனையே விலையாகக் கொடுத்தார் என்னும் போன்ஹோஃபரின் வாதம் இவ்விருபொருளைச் சார்ந்தே எழுகின்றது. மனிதன் கொடுக்கும் விலை அதன்பின் வருவதே.

4. சொல்லுக்குக் கொடுத்த விலை

நூலின் கருத்துக்கள், அரசின் கட்டுப்பாட்டுக்கு இசையாத அறிக்கைச் சபை நடத்திய ஃபின்கன்வால்ட பயிற்சிப் பள்ளியில் போன்ஹோஃபர் ஆற்றிய விரிவுரைகளில் உருப்பெற்றன. 1937 செப்டம்பரில் இரகசியக் காவல் துறை அப்பள்ளியை மூடியது. நூல் அவ்வாண்டின் இறுதியில் முன்ஷன் நகரில் வெளிவந்தது.

சொற்களின் ஆற்றலை அவ்வரசு எந்த அளவு உணர்ந்திருந்தது என்பதை அது விதித்த தடைகளின் வரிசை காட்டுகின்றது. 1936இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. 1940இல் நாடெங்கும் பொதுமேடையில் பேசத் தடை விதிக்கப்பட்டது. 1941இல் நூல் வெளியிடும் உரிமை மறுக்கப்பட்டது. 1943 ஏப்ரல் 5இல் போன்ஹோஃபர் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோஸன்பியூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் பங்கு கொண்டமையே மரண தண்டனைக்குக் காரணம். நூல் எழுதியமை அன்று. எனினும் கற்பித்தல், பேசுதல், எழுதுதல் ஆகிய மூன்றும் அதற்குமுன் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிக்கப்பட்டன.

சதி தோல்வியுற்றதற்கு மறுநாள், 1944 ஜூலை 21இல், சிறையிலிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், அந்நூலில் உள்ள ஆபத்துக்கள் இப்போது தெரிகின்றன என்றும், ஆயினும் அதில் எழுதியதை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் போன்ஹோஃபர் குறிப்பிட்டார். தாம் ஆண்ட சொற்களைத் தாமே மறுபடியும் எடைபோட்ட ஓர் ஆசிரியரை இக்கடிதம் காட்டுகின்றது.

5. ஆங்கில மொழிபெயர்ப்பு

ரெஜினால்ட் ஃபுல்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1948இல் இலண்டனில் சுருக்கப் பதிப்பாக வெளிவந்தது. 1959இல் முழுமையான திருத்தப் பதிப்பு வந்தது. ஆசிரியர் கொலையுண்ட செய்தி அறிந்த வாசகர்க்கு 'விலை' என்னும் சொல் நூலையும் வாழ்வையும் ஒருங்கே இணைத்துக் காட்டியது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முன்னரே செலவைக் கணக்கிடுவான் என்னும் லூக்கா 14:28இன் உவமையையும் அது நினைவூட்டியது. தலைப்பு என்ற அளவில் இது வெற்றியே.

ஆனால் கவனம் இடம் மாறிவிட்டது. 'பின்செல்லுதல்' என்னும்போது கண் முன்னே செல்பவர்மீது இருக்கும். 'விலை' என்னும்போது அது செல்பவனின் இழப்பின்மீது திரும்புகின்றது. நூலுள்ளும் இத்தகைய மாற்றம் உண்டு. அழைப்புக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் கூறும் புகழ்பெற்ற வாக்கியத்தில், மூலத்தின் எழுவாய் 'அழைப்பு' என்னும் பெயர்ச்சொல். அவ்வழைப்பு மரணத்திற்குள் இட்டுச் செல்கின்றது என்று அது சுருங்க முடிகின்றது. 'இட்டுச் செல்' என்பதற்கு அங்கு வரும் வினை, 'ஃபியூரர்' என்னும் சொல் பிறந்த அதே வினையாகும். ஃபுல்லரின் வாக்கியத்தில் எழுவாய் கிறிஸ்து, வினையோ ஏவலாகிவிட்டது. ஆங்கில வாக்கியம் மூலத்தைவிட வீறுடையது. மேற்கோளாகப் பரவியதும் அதுவே. ஆயினும் நாட்டில் அனைவரையும் 'நடத்திய' ஒருவனுக்கு எதிராக வேறோர் அழைப்பு 'நடத்துகின்றது' என்னும் எதிரொலி அதில் கேட்பதில்லை.

2001இல் வெளியான புதிய ஆங்கிலப் பதிப்பு தலைப்பிலிருந்து 'விலை'யை நீக்கி, 'டிசைப்பிள்ஷிப்' என்பதை மட்டும் கொண்டது. அதுவும் 'கற்றல்' என்னும் இலத்தீன் வேரில் பிறந்ததேயன்றிப் 'பின்செல்லுதல்' அன்று.

6. தமிழ்ச் சொற்களின் வாய்ப்புக்கள்

இந்நூற்சொற்களைத் தமிழில் கொணர்வோர்க்கு இருவகைக் கிறித்தவ வழக்குக்கள் முன் நிற்கின்றன. சீர்திருத்தச் சபையினர் 'சீஷன்', 'கிருபை' என்பர்; கத்தோலிக்கர் 'சீடர்', 'அருள்' என்பர். 'சீஷத்துவம்', 'சீடத்துவம்' இரண்டும் கற்பிக்கப்படுதலைக் குறிக்கும் வடமொழி வேரின; எனவே 'டிசைப்பிள்ஷிப்' என்பதன் குறையே இவற்றுக்கும் உண்டு. 'பின்பற்றுதல்' என்பதில் 'பற்று' இருப்பது ஒரு சிறப்பு. ஆனால் விதிகளையும் முறைகளையும் பின்பற்றுதல் எனப் பொதுவழக்கில் தேய்ந்துவிட்டமையால், ஓர் ஆளின் பின்னே நடத்தல் என்னும் காட்சி அதில் மங்கிவிட்டது. 'பின்செல்லுதல்' அக்காட்சியை இன்னும் காக்கின்றது.

'மலிவு' தனிக் கவனத்துக்குரியது. 'மலி' என்னும் வினை சங்க வழக்கில் 'நிறை', 'மிகு' எனப் பொருள்படும். பெருகியது விலை குறையும் என்னும் வழியில் 'மலிவு' விலைக்குறைவாயிற்று. நீதியிலிருந்து இறங்கி வந்த 'பில்லிக்'கும், நிறைவிலிருந்து இறங்கி வந்த 'மலிவு'ம் ஒரே சந்தையில் சந்திக்கின்றன. ஆயினும் 'மலிவு' தமிழில் எப்போதும் இழிவன்று. மலிவுப் பதிப்புக்கள் தமிழ் நூல்களைப் பலர் கைக்குக் கொண்டு சேர்த்தன. ஆகவே 'மலிவான கிருபை' என்பது எல்லார்க்கும் எளிதில் கிட்டும் கிருபை எனப் புகழாகவும் கொள்ளப்படலாம். 'மலிவுச் சரக்கான கிருபை' என்று நூலின் கடைவீதி உவமையை உடன் சேர்ப்பின் இம்மயக்கம் நீங்கும்.

'டொயர்' என்பதற்குத் தமிழ் விவிலியத்தில் 'விலையேறப்பெற்ற' என்னும் அடை உண்டு. 1 கொரிந்தியர் 6:20இல் பழைய மொழிபெயர்ப்பு 'கிரயம்' என்பதை ஆள்கின்றது. நிலத்தின் கிரயப் பத்திரத்தில் இன்றும் வழங்கும் இச்சொல் கொள்முதலின் உறுதியை உணர்த்துவது. எனினும் 'அருமை' என்னும் தமிழ்ச்சொல் கிடைத்தற்கு அரிது, செய்தற்கு அரிது, அன்புக்குரியது என மூன்றையும் ஒருங்கே தருகின்றது. விலைப்பொருள் மட்டும் அதில் வெளிப்படையாக இல்லை.

அக்குறையை நிரப்பும் சொல் எதிர்பாராத இடத்தில் உள்ளது. 'செலவு' என்பது 'செல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. பழந்தமிழில் அதன் பொருள் 'பயணம்'. தலைவன் பிரிந்து செல்லத் தயங்குதலை அகப்பொருள் இலக்கணம் 'செலவழுங்குதல்' என்கின்றது. கையை விட்டுச் செல்லும் பொருள் என்னும் கருத்தில் அதுவே பின்னர்ப் பணச் செலவாயிற்று. லூக்கா 14:28இன் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'செல்லுஞ்செலவு' என்றே உள்ளது. ஜெர்மானியத் தலைப்பிலுள்ள செல்லுதலும், ஆங்கிலத் தலைப்பிலுள்ள விலையும் தமிழில் ஒரே வேரில் அடங்குகின்றன. 'பின்செல்லுதலின் செலவு' எனின் இரண்டு தலைப்புக்களும் ஒருங்கே ஒலிக்கும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவது இதுவே. 1937இல் 'நாக்ஃபோல்க' என்னும் சொல், அரசு கைப்பற்றியிருந்த ஒரு வினையை மீட்டெடுக்கும் முயற்சியாக இருந்தது. அதன் எதிரே 'ஃபியூரர்', 'கெஃபோல்க்ஷாஃப்ட்' என்னும் சொற்கள் நின்றமையாலேயே அதற்கு விலை இருந்தது. எதிர்ச்சொற்கள் மறைந்தபின் அதே சொல் ஒரு பக்தி நூலின் அமைதியான தலைப்பாகத் தோன்றும். அவ்வாறு தோன்றவிடுதலும் சொல்லை மலிவாக்குதலே. நேரான சொல்லைத் தேடுவதோடு மொழிபெயர்ப்பாளரின் பணி முடிவதில்லை. மூலச்சொல் எதற்கு எதிராக நின்றது என்பதை முன்னுரையாலோ, குறிப்பாலோ, ஒரே வேர்ச்சொற்களைத் தொடர்ந்து ஆளும் முறையாலோ வாசகர்க்கு உணர்த்துதலும் அப்பணியின் பகுதியாகும்.