கண்ணாடி ஏறவில்லையா? கைப்பிடியை முறுக்காதீர்கள்!

பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

சென்னை நகரில் பழைய அம்பாசிடர், ஹெரால்டு கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ஜினுக்குச் செலவு செய்கிறார்கள். பெயிண்டுக்குச் செலவு செய்கிறார்கள். கதவுக் கண்ணாடியை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. மழை வரும் வரை!

மழை வந்ததும் அவசரமாகக் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். கண்ணாடி பாதியில் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு! உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அப்புறம் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. கண்ணாடி கதவுக்குள் சாய்ந்துவிடுகிறது.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சொல்லி, ஓர் அட்டையை மடித்து ஆப்பு வைத்துக் கண்ணாடியை நிறுத்திவிடுகிறார்கள். இது தப்பு. ஆபத்தும்கூட!

வெளியேறும் வழி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையில் பல இடங்களில் கார்கள் தண்ணீரில் மூழ்கின. வெள்ளத்தில் சிக்கிய காரின் கதவைத் திறப்பது லேசான காரியம் அல்ல. வெளியே இருக்கும் தண்ணீர் கதவை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சட்டென்று கண்ணாடியை இறக்கி வெளியே வருவதுதான் வழி.

புதுக் காரில் கண்ணாடி இறங்க மின்சாரம் வேண்டும். பழைய காருக்கு பேட்டரி தேவையில்லை, கை இருந்தால் போதும். ஆனால் கைப்பிடி வேலை செய்யணுமே! ஆப்பு வைத்த கண்ணாடி ஆபத்துக்கு உதவுமா?

உள்ளே என்ன இருக்கிறது?

கதவுக்குள் இருக்கும் கருவியைப் பட்டறைகளில் "கண்ணாடி மிஷின்" என்பார்கள். பெயர்தான் பெரிசு, அமைப்பு ரொம்பச் சுலபம்.

பல பழைய கார்களில் கைப்பிடித் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது விசிறி போல விரிந்த ஒரு பல் தகட்டைத் தள்ளும். தகட்டோடு சேர்ந்து ஓர் இரும்புக் கை. கையின் நுனியில் ஓர் உருளை. கண்ணாடியின் அடிப்பட்டையில் உள்ள காடியில் அந்த உருளை ஓடும். கை தூக்கினால் கண்ணாடி ஏறும். கண்ணாடியின் கனத்தைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான்!

குற்றவாளி யார்?

பல் தேய்ந்ததும் எல்லோரும் மிஷினைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பல நேரங்களில் உண்மையான குற்றவாளி மிஷின் அல்ல. கண்ணாடி ஓடும் சேனல்தான்!

சேனலுக்குள் ரோமத் துணி அல்லது ரப்பர் பட்டை இருக்கும். வருஷக்கணக்கில் தூசியும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அது புடைத்துவிடும். கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முறுக்கினால் பலியாவது சின்னப் பல்தான். சேனலைப் பார்க்காமல் புது மிஷின் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். காசு தண்டம்!

சத்தம் காட்டிக் கொடுக்கும்

கைப்பிடி கனமாகச் சுற்றினால் சேனல் இறுகியிருக்கிறது, அல்லது கிரீஸ் காய்ந்திருக்கிறது.

"டக் டக்" என்று தாண்டினால் பல் தேய்ந்துவிட்டது.

கைப்பிடி மட்டும் சுற்றி, தண்டு அசையாவிட்டால் கைப்பிடியின் உள்வரி போயிருக்கிறது. கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும்.

கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அடிப்பட்டையில் இருந்து கழன்றிருக்கலாம்.

சந்தேகமா? மிஷினின் கையைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை வெறும் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் சேனல்தான் குற்றவாளி.

விரல் ஜாக்கிரதை!

கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன் அது எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் நடுவில் ஸ்குரூ. சிலவற்றில் குறுக்கே ஒரு பின். சிலவற்றில் பின்பக்கம் குதிரை லாடம் போன்ற கிளிப். தெரியாமல் இழுத்தால் கைப்பிடி உடையும்.

கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் முதல் வேலை, கண்ணாடியை மேலே தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்துவது. இல்லாவிட்டால் விரல் மேல் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்தச் சுருள் ஸ்பிரிங். அது முறுக்கேறிய நிலையில் இருக்கும். பல் தகட்டை அசையாமல் ஒரு போல்ட் போட்டுப் பூட்டாமல் ஸ்பிரிங்கைத் தொட்டால் தகடு சுழன்று விரலை வெட்டிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பல்லுக்கும் உருளைக்கும் மட்டும் புது கிரீஸ் வைக்கலாம். சேனல் ரப்பரில் மண்ணெண்ணெயோ என்ஜின் ஆயிலோ படக்கூடாது. ரப்பர் ஊதிவிடும். அதற்கு சிலிக்கன் ஸ்பிரே போதும். பட்டை நைந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அடைத்தால் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும்.

சாமான் கிடைக்குமா?

சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று வெகு காலம் ஆகிறது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியும் 2014 மே மாதம் நின்றுவிட்டது. ஆகவே பழைய சாமான் கடைகள்தான் கதி. புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் பழைய மிஷினைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வலது கதவு மிஷின் இடது கதவுக்குச் சேராது!

கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. தேய்ந்த பல்லில் பித்தளை வைத்து நிரப்பி, அரம் போட்டு ராவிப் புதுப் பல் எடுக்கத் தெரிந்த கைகள் பட்டறைகளில் உண்டு.

எல்லாவற்றையும்விட சுலபமான வைத்தியம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தடவை நாலு கண்ணாடியையும் முழுசாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனத்தாலும் அன்றைக்கே சேனலைச் சுத்தம் செய்யுங்கள். பல் தப்பும், பணமும் தப்பும்!